முன் ஃபோர்க்கில் ஊற்றிய ரிக் ஆயில்

எனக்கு வண்டி வேலை தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தொரு வயதும் ஒரு கரடியும் தேவைப்பட்டன.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் அந்தப் பெரிய வண்டிகளுக்கு எந்த நம்பர் சீல், எந்த போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுப்பது வேறு, மாட்டுவது வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொன்னார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.)

கல்யாணமான நான்காவது மாதம், சுகந்தியைக் கொல்லிமலைக்கு பைக்கில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதை 'ரைடு' என்றுதான் சொல்வேன். சும்மா போய்விட்டு வருவதெல்லாம் பஸ்ஸில் போகிறவர்கள் செய்வது. முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை எல்லாம் வாங்கியாயிற்று. ஒரே குறை, பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் முன்பக்கம் 'டக்' என்று இடித்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களுக்குள் இடியை வாங்கிக்கொள்ள ஊற்றியிருக்கும் ஆயிலை மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் விட்டால் அரை நாள் ஆகும். செல்போனில் பார்த்த வீடியோவில் பன்னிரண்டே நிமிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு வாசலில், இன்ஜினுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினேன். ஃபோர்க்கின் இரண்டு குழாயையும் கவிழ்த்ததும் பழைய ஆயில் கறுப்பாகக் கொட்டியது. அதுவரை எல்லாம் வீடியோவில் உள்ளபடிதான் நடந்தது. புதிதாக ஊற்ற அதற்கென்று உள்ள ஆயில் என்னிடம் இல்லை. கடையில் மீந்த ரிக் ஹைட்ராலிக் ஆயில் ஒரு கேன் இருந்தது. பூமியைத் துளைக்கிற வண்டிக்கே அதுதான் ஊற்றுகிறோம், இந்தப் பொடி பைக்குக்குப் போதாதா?

அளவுக்கு மோர் டம்ளரை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பந்தி பரிமாறினால், சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிய பிறகும் ஒரு கரண்டி விழும். அதே தாராளத்தோடு ஃபோர்க்குக்கும் ஊற்றினேன். ஆயில் கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் சீலைத் துடைத்து, அதையே திரும்ப மாட்டினேன்.

சுகந்தி ஹேண்டில்பாரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"ஏனுங்க, கல்லாட்டம் கெடக்குது. அமுங்கவே மாட்டேங்குதுங்களே?"

"இது ஸ்போர்ட்ஸ் செட்டிங்" என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் நாமகிரிப்பேட்டையில் மாமனார் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சுகந்தியின் அண்ணன் லோடு லாரி ஓட்டுகிறவர். வண்டியைச் சுற்றி வந்தவர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"மாப்ள, எண்ணெ கசியுதுங்களே. இதோட மலையேற வேண்டாமுங்க. என்ற பைக்க எடுத்துட்டுப் போங்க."

"புது ஆயிலுங்க மச்சான். ஓட ஓட செட்டாயிடும்."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே போனதும், மாமனாருக்குப் பிடிக்குமே என்று நன்றாகப் பழுத்த பலாப்பழம் ஒன்றை வாங்கி, சுகந்திக்குப் பின்னால் கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டினோம். மூன்று மணிவாக்கில் இறங்க ஆரம்பித்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையில் வேறு வண்டி இல்லை.

நான்காவது வளைவில் ஒரு குழியில் இறங்கினேன். கீழே 'பட்' என்று ஒரு சத்தம். கணுக்காலில் சூடாக ஏதோ தெறித்தது. அடுத்த வளைவு வந்ததும் முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் இறுகியது, வண்டி நிற்கவில்லை. சீல் பிய்ந்து ஆயில் முழுக்க பிரேக் டிஸ்க்கில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சிக்கிளைகள். பின் பிரேக்கை மிதித்தால் ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் போகிறது. அந்த நிமிடம் எனக்குக் கடவுள் ஞாபகம்கூட வரவில்லை, அந்த மோர் டம்ளர்தான் வந்தது.

முதல் கியருக்குக் கொண்டுவந்து, இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து, ஒரு வளைவின் உள்பக்கம் பாறையோரமாக எப்படியோ நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டைப் போட்டு, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் துடைக்க உட்கார்ந்தேன்.

"நீ இறங்கிக்கோ" என்றேன்.

"கால் நடுங்குதுங்க. எறங்குனா உழுந்துருவேன். கொஞ்ச நேரம் ஆவட்டும்."

துடைத்துக்கொண்டிருக்கும்போதே 'புஸ்... புஸ்...' என்று கேட்டது. ஃபோர்க்கில் இன்னும் காற்று போகிறது போலிருக்கிறது என்று நினைத்து, சீலின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பிறகுதான் சத்தம் எனக்கு முன்னாலிருந்து வரவில்லை, வண்டிக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று புரிந்தது.

எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, சடைமுடியோடு, வெளுத்த மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு கரடி நின்றது. அதற்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. பலாப்பழத்தோடு ஒட்டிக்கொண்டு சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.

இதற்கடுத்து நான் என்ன முடிவெடுத்தேன் என்று கேட்காதீர்கள். நான் எடுக்கவில்லை, என் கால்கள் எடுத்தன. அவை கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தன. முதுகுக்குப் பின்னால் சுகந்தியின் குரல் கேட்டது. அவள் அலறவில்லை. பக்கத்து அறையில் இருப்பவனிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, எங்க போறீங்க?"

நான் நிற்கவில்லை.

அடுத்த வளைவில்தான் நின்றேன். அதுகூடத் திரும்பிப் போவதற்காக அல்ல, மூச்சு முட்டியதால். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் மனதில் முதலில் வந்தது, மாமனாரிடம் என்ன சொல்வது என்பதுதான். இதை எழுதும்போதும் கூசுகிறது. அவள் உயிரோடு இருப்பாளா என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மேலே தொப்பென்று ஏதோ விழும் சத்தம். பிறகு புதருக்குள் மளமளவென்று கிளைகள் முறியும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமே இல்லை'யைப் போல் பயங்கரமான எதையும் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே நடந்தேன். நாலடி நடப்பேன், நிற்பேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பேன், வளைவில் சுகந்தி வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பின்னால் பார்த்துப் பார்த்து, அடிமேல் அடி வைத்து வந்தாள். ரப்பர் கயிற்றின் கொக்கியை மட்டும் உட்கார்ந்தபடியே கழற்றிவிட்டிருக்கிறாள். பழம் விழுந்து ரோட்டோரப் புதருக்குள் உருள, கரடி அதன் பின்னால் போயிருக்கிறது.

"வண்டி அங்கயே கெடக்குதுங்க" என்றாள். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். "அதக் கீழ போடுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரி வரும்வரை இருவரும் சுவரோரம் நின்றோம். டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழுத்த பழத்தக் கட்டிக்கிட்டு இங்க நிக்கலாமா சாமி?" என்று என்னைத்தான் கேட்டார். லாரியைத் திருப்பி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே மேலே போய், கிளீனரோடு சேர்ந்து பைக்கைத் தார்களுக்கு மேல் ஏற்றிவந்தார்.

நாமகிரிப்பேட்டை வீட்டு வாசலில் சுகந்தி வாயைத் திறந்தபோது எனக்கு மறுபடியும் ஓடத் தோன்றியது. கரடி வந்தபோதாவது ஓட இடம் இருந்தது.

"கரடி வந்து நின்னுதுங்கப்பா. இவருதான் பழத்தத் தள்ளி உட்டுருன்னு சொன்னாரு" என்றாள்.

மாமனார் என் தோளைத் தட்டினார். மாமியார் எனக்குத் திருநீறு பூசிவிட்டார். மச்சான் ஃபோர்க்கில் வழிந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்து, "ரிக் ஆயிலுங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சொந்தத்தில் எனக்கு 'ரிக் ஆயில் மாப்ள' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஏனுங்க மாப்ள, இங்க ஒரு போர்வெல் போடோணும்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சந்தோஷமாகச் சிரிப்பேன். அவர்கள் சிரிக்கும் கதையில் நான் வெறும் முட்டாள்தான்.

மற்றதை சுகந்தி ஏழு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் பேசியதில்லை. ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, தண்ணீர் குடிக்கலாமென்று நான் பாயிலிருந்து எழுந்தால் போதும், வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அதே மெதுவான குரலில் கேட்பாள்:

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"புருசன் ஒரு எட்டு நகரக் கூடாது இவளுக்கு. அம்புட்டுப் பாசம்" என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போவார். நான் தாகத்தோடு மறுபடியும் உட்கார்ந்துகொள்வேன்.