நான் இருந்தவரை விரிசல் இல்லை

மழைக்கு முன் மாற்றலாகிப் போகும் இன்ஜினியர் என்றொரு இனம் உண்டு. அதன் உயர்ந்த வகையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தில் எங்கள் செல்ட்டனம் ஊருக்கு வாருங்கள். இந்தியாவில் பொதுப்பணித்துறையைக் கட்டி மேய்த்த துரைமார்கள் பென்ஷனோடும் ஈரல் கோளாறோடும் வந்து ஒதுங்கும் ஊர். தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவில் கத்பர்ட் லாங்ஸ்டாஃப்.

வங்காளத்தில் பாலம், அஸ்ஸாமில் அணை, ஒரிசாவில் கால்வாய் என்று எங்கே போனாலும், குளிர்காலத்தில் அடிக்கல், மார்ச்சில் திறப்பு விழா, மாலை, விருந்து, போட்டோ, ஏப்ரலில் பதவி உயர்வோடு மாற்றல். ஜூனில் மழை. மழையில் பாலத்துக்கு என்ன நேர்ந்தாலும் அது அடுத்து வந்தவர் காலத்தில்தானே? கிளப்பில் விஸ்கியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு லாங்ஸ்டாஃப் சொல்வது ஒன்றுதான். "நான் இருந்தவரைக்கும் ஒரு விரிசல் கிடையாது."

உண்மை. அவர்தான் இருக்கவே இல்லையே.

அவர் மனைவி வினிஃப்ரெட் போன ஊரிலெல்லாம் ரோஜா நட்டாள். பூத்ததை அடுத்த துரையின் மனைவி பறித்தாள். ஆகவே செல்ட்டனம் வீட்டின் பின்புறம், ஓடைக்கரையில், வந்த கையோடு ரோஜா வைத்தாள். இந்தத் தடவை பூப்பதைப் பார்க்காமல் நகர்வதில்லை என்று பிடிவாதம்.

ஓடையைப் பார்த்தபின் லாங்ஸ்டாஃபுக்குக் கை சும்மா இருக்குமா? கோடை முழுக்க வெயிலில் நின்று, ஓடைக்குக் குறுக்கே கல்லில் ஒரு குட்டிப் பாலம் கட்டி, தண்ணீர் போக நடுவில் ஒரு குழாய் விட்டு, மேலே புல் பதித்தார். பாதிரியார் வந்து ரிப்பன் வெட்டினார். தேநீர், வெள்ளரிக்காய் சாண்ட்விச், போட்டோ.

மேகம் திரண்ட அன்று, காலை உணவின்போது மெல்ல ஆரம்பித்தார்.

"வினி, எக்ஸ்மத்ல கடல் காத்து ரொம்ப நல்லதாம். ஒரு வீடு பாத்துடலாமா?"

அவள் ரொட்டியில் மார்மலேட் தடவுவதை நிறுத்தவில்லை. "மொட்டு விட்டிருக்கு."

"உன் இருமலுக்காகச் சொன்னேன்."

"எனக்கு ஏது இருமல்? குழாய் பத்தாதா?"

"கங்கைக்கே பாலம் போட்டவன் நான். பராமரிப்பு மட்டும் ஒழுங்கா இருந்தா..."

"அதுவும் நீங்கதான். உங்களுக்கு அப்புறம் இங்க யாரும் வரப்போறதில்லை."

மத்தியானம் மழை கொட்டியது. சருகு போய்க் குழாயை அடைத்தது. தேங்கிய தண்ணீர் வழி தேடி, ரோஜாப் பாத்திக்குள் திரும்பியது. தான் கட்டிய ஒன்றைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை லாங்ஸ்டாஃப் வாழ்க்கையில் முதல்முறையாக நின்று பார்த்தார். வேர்கள் வெளியே தெரிந்தன.

வினிஃப்ரெட் குடையோடு வந்தாள். "உடைங்க."

"நல்ல கல்லும்மா."

"உடைங்க."

முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடப்பாரையால் தன் கட்டுமானத்தைத் தானே உடைத்தார். ஒரே ஒரு செடி மொட்டோடு நின்றது. அது பூத்தது. அவள் அதைப் பறிக்கவேயில்லை.

கிளப்பில் விசாரித்தார்கள். "பராமரிப்பு சரியில்லை," என்றார். யாரைச் சொன்னார் என்று வினிஃப்ரெடுக்குத்தான் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் விட்டு வந்த ஆபீஸ், காலி செய்த வாடகை வீடு, நீங்களே பேசி முடித்து, பந்தி முடிந்ததும் தாம்பூலப் பையோடு நழுவி வந்த அந்தக் கல்யாணம், இவற்றில் ஒன்றையாவது திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?

தெரியும். நீங்கள் இருந்தவரை ஒரு விரிசலும் இல்லை.