நாலு மொழி கேட்ட கரண்டு அடுப்பு

இந்த உலகத்திலேயே மண்பாண்டம் சுடும் அடுப்பை நான்கு மொழிகளில் இயக்கிய ஒரே மனிதர் எங்கள் ஊர் காஜா பேராங்கில்தான் இருந்தார். அதில் இரண்டு மொழி அவருக்குத் தெரியாது. அடுப்புக்குத் தெரியும் என்பார்.

ஊரில் அவருக்குப் பெயர் மூணு சுவிட்சு. நாங்கள் வேலை செய்த பீங்கான் பட்டறையில் சீனத் தவுக்கே, அதுதான் எங்கள் முதலாளி, ஒரு மின்சார அடுப்பை வாங்கிப் போட்டிருந்தார். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிசு. அதற்கு மூன்று சுவிட்சுகள்: இளஞ்சூடு, நடுச்சூடு, கடுஞ்சூடு. இந்தக் காலத்தில் எண்களை அழுத்தி, எப்போது எவ்வளவு சூடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமாம். அடுப்பு தானே ஏறி, தானே நின்று, தானே அணையுமாம். அன்றைக்கு அதையெல்லாம் ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டும். அந்த ஆள் அவர். நான் கோப்பைகளுக்குப் பூ வரைகிறவள்.

தவுக்கே சுவரில் ஒரு கடிகாரம் மாட்டிக் கொடுத்தார். மூணு சுவிட்சு அதைக் கழற்றி அவர் மேசையிலேயே வைத்துவிட்டார்.

“கடிகாரத்துக்குச் சாவி குடுக்க ஒருத்தன் வேணும் தவுக்கே. அவன் மறந்துடுவான். ரேடியோக்காரன் சம்பளம் வாங்குறவன், அவன் மறக்கமாட்டான்லா!”

அப்படித்தான் பட்டறை ரேடியோ அடுப்புக்கு எஜமான் ஆனது. காலையில் மலாய்ப் பாட்டு தொடங்கினால் முதல் சுவிட்சு. ஈரம் போக மூடியைச் செங்கல் வைத்துத் தூக்கி வைப்பார். சீனக் கதை முடிந்ததும் மூடியை இறக்கி இரண்டாவது. இங்கிலீஷ்காரி சமையல் குறிப்பு சொல்லும்போது தொடக்கூடாது, அடுப்பு அப்படியே நிற்கவேண்டும். தமிழ்ச் செய்திக்கு மூன்றாவது. தமிழ் அறிவிப்பாளர் கடைசியில் ‘வணக்கம்’ சொன்னால் எல்லாம் அணையும். இந்தக் கணக்கில் சுட்ட கோப்பைகள் கண்ணாடி மாதிரி வந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“சீனம் தெரியாம கதை முடிஞ்சது எப்படித் தெரியும்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“முடியப்போவுதுன்னா அந்தாளு தொண்டையைக் கனைப்பான், புஷ்பம். கவனிச்சுப் பாரு.”

ஒரு நாள் கதைக்காரருக்குச் சளி. தொடங்கியதிலிருந்து கனைத்துக்கொண்டே இருந்தார். இவர் மூடியை இறக்கி இரண்டாவதைத் திருகிவிட்டார். ஈரம் காயாத பூச்சாடிகள் எல்லாம் உள்ளே பட்பட்டென்று வெடித்தன. தவுக்கே “அலாமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நம்ம ஆள் அசரவில்லையே! “என் மேல தப்பில்ல. அந்த மனுசனுக்கு ஒரு கஷாயம் போட்டுக் குடுக்க ஆளில்லையா?” என்று ரேடியோவைப் பார்த்துச் சண்டை போட்டார்.

இந்த மனுஷன்தான் என்னைக் கட்டிக்கொடுங்கள் என்று செமாபோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். எனக்கு மனசு நிறைய இஷ்டம். அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர். ஊசி போடுவதற்கு முன்னாலேயே ஆளை அழவைக்கிற முகம்.

“மண்ணு வேலை செய்யுறவனுக்குப் பொண்ணு குடுக்கறதில்ல.”

“மண்ணு வேலை இல்லீங்க மாமா, கரண்டு வேலை!”

‘மாமா’ என்றதும் அப்பாவுக்கு மீசை துடித்தது. “அப்படியா? என் பொண்ணு பூ வரைஞ்ச கோப்பைய நீயே சுட்டு, அதுல எனக்கு டீ குடு. கோப்பை நல்லா வரலேன்னா, உஜோங் பாசிர் கிராணிக்கு இவளைக் குடுக்கறதா சொல்லிடுவேன்.”

கணக்கெழுதுகிற அந்தக் கிராணியை நான் பார்த்திருக்கிறேன். சிரித்தால் செலவாகிவிடும் என்று நினைக்கிற ஆள்.

அப்பா வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்படியென்றால் அடுப்பைச் சனிக்கிழமை மூட்டவேண்டும். அந்தச் சனிக்கிழமைதான் நாட்டுக்குச் சுதந்திரம். எனக்கு முந்தின நாளே சுருக்கென்றது. “நாளைக்கு ரேடியோவுல எல்லாம் மாத்திடுவாங்க. கடிகாரத்தைப் பாருங்க” என்றேன்.

“நாடுதான் கை மாறுது புஷ்பம். நிகழ்ச்சி நிரல் எப்படி மாறும்?”

மாறியது. கோலாலம்பூரில் மழை, விழா தள்ளிப்போனது. மலாய்ப் பாட்டைக் காணோம், மலாய்ப் பேச்சுக்கே முதல் சுவிட்சைப் போட்டார். சீனக் கதையையும் காணோம். இவர் ரேடியோ முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். “என்னாலா இது, எல்லா மொழியிலயும் மழை பெய்யுதுங்கறானுங்க!” கடைசியில் ‘மெர்டேக்கா’, அதாவது சுதந்திரம், என்று கூட்டம் கத்தியதும், தெருவெல்லாம் கத்தியது, நாங்களும் கத்தினோம். “கதை முடிஞ்சது!” என்று அவர் இரண்டாவதைத் திருகினார். தமிழ்ச் செய்தி வந்தது, மூன்றாவதும் ஏறியது. அதுவரைக்கும் பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. வாழ்த்துரை, பாட்டு, மறுபடி வாழ்த்துரை. வணக்கம் மட்டும் வரவில்லை. அடுப்பின் ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே கண் கூசுகிறது.

“போதும், அணைங்க!”

“அவன் வணக்கம் சொல்லலியே!”

“அவன் சொல்லும்போது சொல்லட்டும். உள்ள இருக்கறது நம்ம கோப்பைங்க!”

“இத்தனை நாள் அவன் பேச்சைக் கேட்டுத்தானே நல்லா வந்துச்சு? பயப்படாதே புஷ்பம்.”

ஒருவழியாக வணக்கம் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் அப்பா வெள்ளைச் சட்டையில் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூணு சுவிட்சு அடுப்பு மூடியைத் திறந்தார். ஒரு கோப்பைகூட நேராக இல்லை. எல்லாம் இடுப்பு ஒடிந்து, வாய் கோணி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நான் வரைந்த மல்லிகை எல்லாம் வழிந்து அடியில் சொட்டாக நின்றது.

“இதான் கரண்டு வேலையா?” என்றார் அப்பா.

மூணு சுவிட்சு ரேடியோவைத் திட்டவில்லை, மழையைத் திட்டவில்லை. வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்படி நின்ற மனுஷனை என்னால் ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை. இருக்கிறதில் கொஞ்சம் நிமிர்ந்த கோப்பையாகப் பார்த்துப் பெயர்த்தெடுத்து, கழுவி, டீயை ஊற்றி அப்பா கையில் கொடுத்தேன்.

“அப்பா, கோப்பை கோணல்தான். நான் கட்டிக்கிட்டா இவரைத்தான் கட்டிக்குவேன். கிராணியை வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, எந்தப் பக்கம் வாய் வைப்பது என்று தேடிக் கண்டுபிடித்து, ஒரு மடக்குக் குடித்தார்.

“ஒழுகலை” என்றார். பிறகு, “சீனி கம்மி. சரி, கோயில்ல நாள் பாக்கச் சொல்லு.”

அப்பா தெருமுனை தாண்டும்வரை மூணு சுவிட்சு நகரவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “எல்லாமே கோணலாப் போச்சே, புஷ்பம்?”

“போனாப் போவுது. கோப்பையோடவா நான் குடும்பம் நடத்தப்போறேன்?” என்றேன்.

நடத்தினேன், அவர் கண் மூடுகிறவரைக்கும். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.