மாமனாருக்கு வயது பத்து

புது மாப்பிள்ளையால் சொல்லவே முடியாத ஒரு வாக்கியம் இருக்கிறது: "எனக்குத் தெரியாது." "போதும்" என்று சொன்னால் இரண்டு இட்லி கூடுதலாக விழும், அவ்வளவுதான். "தெரியாது" என்று சொல்லிவிட்டாலோ பொழுது சாய்வதற்குள் செய்தி குமராட்சி வரை போய்விடும். (மாமனாரின் பங்காளிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.)

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடை கடையாகப் போய் பில் போடும் சாப்ட்வேரை நிறுவிக் கொடுப்பது என் வேலை. பழுது என்று யாராவது கூப்பிட்டால் "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் எங்கள் ஆபீசில் இருக்கும் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவேன். ஆனால் பெண் பார்க்கப் போனபோது தரகர் "மாப்ள சாப்ட்வேர்ல இருக்காரு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சிதம்பரத்தில் என் மனைவி கயல் வீட்டார் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ, ராக்கெட் விடுகிறவனைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்த்தார்கள். நானும் மறுக்கவில்லை. எந்த மாப்பிள்ளை மறுப்பான்?

எங்கள் தலை தீபாவளி வியாழக்கிழமை வந்தது. கறிக்குழம்பு, புது வேட்டி, வெடி என்று அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வினை மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது.

கயலின் அண்ணன், அதாவது என் மச்சான், குவைத்தில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அன்றைக்கு டூட்டிக்குப் போயிருந்தார். மகள் யாழினிக்குப் பத்து வயது. போன லீவில் மச்சான் டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷின் ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தார். அதே மாதிரி இன்னொன்று குவைத்தில் அவர் அறையில். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் ஆறரை மணிக்கு அப்பா அங்கிருந்தும் மகள் இங்கிருந்தும் ஒரே கேமுக்குள் போவார்கள். கட்டம் கட்டமாகக் கல்லை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. சொந்த வீடு கட்டத்தான் மச்சான் குவைத்துக்கே போனார். அந்த வீடு என்றைக்கு எழும்புமோ தெரியாது, கேமில் மாடி வரைக்கும் வந்துவிட்டது.

அந்த கேமில் ஏதோ அப்டேட் வந்து, அதன் பிறகு யாழினியை உள்ளே விடவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை வீணாகப் போயிருந்தது. அதற்குப் பதிலாக போனில் பேசச் சொன்னார்களாம். "சாப்டியா? படிச்சியா?" என்று அப்பா கேட்பார், "ம்" என்று மகள் சொல்வாள், அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கேமுக்குள் இருந்தால் "அப்பா, ஜன்னல் இங்க வைக்கவா, அங்க வைக்கவா" என்று ஒரு மணி நேரம் வாய் ஓயாதாம். இதைக் கயல் சொன்னபோது எனக்கே மனசு என்னவோ செய்தது. இந்த வெள்ளிக்கிழமையும் போய்விடக் கூடாது என்று தோன்றியது.

"கம்ப்யூட்டர் ஆளே நம்ம வூட்டுக்கு வந்துட்டாரு, சாயங்காலம் வெளையாடலாம்னு புள்ளைகிட்ட சொல்லிட்டேன் மாப்ள" என்றார் மாமனார். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர்.

"இதெல்லாம் ரொம்ப சாதாரணம் மாமா" என்றேன். வாய்தான்.

மெஷின் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தது. மாப்பிள்ளை தரையில் உட்காரக் கூடாது என்று மாமியார் நாற்காலி போட்டார், பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தட்டு அதிரசமும் வைத்தார். நாற்காலியில் இருந்தபடி பார்த்தால் மெஷினின் தலை மட்டும்தான் தெரிந்தது. சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று கயல் இரண்டாம் நாளும் பட்டு வேட்டி கட்டச் சொல்லியிருந்தாள். கடைசியில் அந்தப் பட்டு வேட்டியோடு குப்புறப் படுத்து, ஸ்டாண்டுக்குள் தலையை விட்டு, வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மோடத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மெயினையே ஆஃப் பண்ணியதில் கிரைண்டரில் ஆடிக்கொண்டிருந்த மாவு பாதியில் நின்றது. (மாமியார் சிரித்து வைத்தார். மாப்பிள்ளை ஆயிற்றே.)

குடும்பத் தலைவரின் அனுமதி வேண்டும் என்று திரையில் ஆங்கிலத்தில் அதே எழுத்து நின்றுகொண்டிருந்தது.

"மாமா, இந்த பட்டன அமுக்குனா அனுமதி கேக்கும்" என்று யாழினி காட்டினாள். "நானும் தெனம் கேக்கறேன். தெனம் வேணாம்னே வருது."

யார் வேண்டாம் என்கிறார்கள்? மூளை உள்ள எவனும் அடுத்து இதைத்தான் கேட்டிருப்பான். நான் தலையை ஆட்டி, "சர்வர் பிரச்சன" என்றேன். யாரும் எதிர்த்துப் பேச முடியாத சொல் அது ஒன்றுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, போனில் சத்தத்தைக் குறைத்து, இந்தக் கோளாறைச் சரி செய்யும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நேரம் போனதே தெரியவில்லை. கதவைத் தட்டினாள் கயல்.

"என்னாங்க, வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"நேத்து கறி ஜாஸ்தியாப் போச்சு. அம்மா லேகியம் எடுத்து வெச்சிருக்காங்க, வந்து சாப்புடுங்க."

வெளியே வந்து ஒரு உருண்டை லேகியத்தை விழுங்கிவிட்டு, வீடியோவில் ஒரு பையன் சொன்ன வைத்தியத்தைத் தொடங்கினேன். மெஷினில் பதிந்திருக்கும் பழைய குடும்பத்தை அடியோடு நீக்கிவிட்டுப் புதுக் குடும்பம் உருவாக்க வேண்டுமாம். நீக்கலாமா என்று மெஷின் கேட்டது. சேமித்து வைத்தவை அழிந்துபோகலாம் என்று எச்சரித்தது. கடைகளில் இப்படி ஆயிரம் எச்சரிக்கைகளை 'ஓகே' தட்டியவன் நான். தட்டினேன்.

திரை புத்தம் புதிதாக வந்து நின்றது. யாழினி என்கிற பெயரே அதில் இல்லை.

"மாமா, என் வூடு?" என்றாள் யாழினி.

"வரும்மா, இப்ப வந்துரும்."

அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். எட்டு மாதமாக அப்பாவும் மகளும் கட்டிய வீட்டை ஒரே விரலால் இடித்துத் தள்ளிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமனார் போனைத் தூக்கிப் பிடித்தபடி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பாத்தீங்களா மாப்ள! கடைசியில பசங்க தோத்துட்டானுங்க!"

"யாரு மாமா?"

"ஆன்லைன் திருட்டுப் பசங்கதான்! தெனம் ஒரு மெசேஜ் வரும். அனுமதி குடு, அனுமதி குடுன்னு. இங்கிலீஷ்லதான் வரும். நம்ம புள்ள பேரையே போட்டு அனுப்பறானுங்க, என்னா தைரியம் பாருங்க! உடுவனா? வர வர மறுத்துக்கிட்டே இருந்தேன். இப்ப பாத்தா, குடும்பத்தையே கலைச்சிட்டோம்னு மெசேஜ் வந்திருக்குது. அலுத்துப் போயி ஓடிட்டானுங்க!"

குடும்பத் தலைவர் யார் என்று காலையிலிருந்து நான் யாரிடமும் கேட்கவே இல்லை. அவர் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்! அப்பா உயிரோடு இருக்கும்போது தலைவர் இடத்தில் தன் பெயரைப் போடுவது மரியாதையில்லை என்று மச்சான் மெஷினில் மாமனாரைத் தலைவராக்கி, முதல் அனுமதிகளை அவர் போனில் தானே தட்டிவிட்டுக் குவைத்துக்குப் போயிருக்கிறார். அப்டேட்டுக்குப் பிறகு பேத்தி கேட்க, தாத்தா மறுக்க, ஒரே கூரைக்குள் தினமும் இது நடந்திருக்கிறது. ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். நான் வீட்டையே இடித்தேன்.

மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, புள்ளைக்கு நானா குறுக்க நின்னேன்?" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். (மாப்பிள்ளை நாற்காலியில்.)

ஆறு மணி ஆகிவிட்டது. யாழினியைக் கெஞ்சிக் கூட்டிவந்து, மளமளவென்று புதுக் குடும்பத்தை உருவாக்க உட்கார்ந்தேன். முதலில் மாமனார் பெயர். அடுத்து அவர் பிறந்த தேதியைக் கேட்டது.

"மாமா, உங்க பொறந்த தேதி?"

"சர்ட்டிபிகேட்ல உள்ளதா, நெசமானதா?"

"ஏதாவது ஒன்னு மாமா."

"அது எப்டி ஏதாவது ஒன்னு? ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாரே ஒரு தேதி எழுதிட்டாரு. நெசத்துல நான் ஆனி மாசம்."

"ஆவணின்னு உங்கம்மா சொல்லுவாங்க" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"ஆனிதான்டி. பொறந்தவன் எனக்குத் தெரியாதா?"

"பொறக்கும்போது நீங்க என்னா காலண்டரா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே யாழினி என் காதருகே தன் பிறந்த தேதியைச் சொன்னாள். கடிகாரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் அதைத் தட்டிவிட்டேன். அடுத்த பெயர் யாழினி. "சர்ட்டிபிகேட்ல உள்ளதே போடுங்க" என்று மாமனார் தீர்ப்புச் சொல்லித் தேதியையும் சொன்னார். அதையும் தட்டினேன்.

கேம் திறந்துகொண்டது! அனுமதி எதுவும் கேட்கவில்லை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் உள்ளே வெறும் புல்வெளி. யாழினியின் உதடு பிதுங்கியது. சரியாக அப்போது திரையில் மணியடித்து அப்பாவின் அழைப்பு வந்தது. அவள் தட்டினாள். அடுத்த நொடி அந்த வீடு நின்றது. மாடி, ஜன்னல், வாசலில் இரண்டு வாழை மரம், எல்லாம் அப்படியே.

"அப்பா! வூடு இருக்குது!"

"எங்க போவும்?" டிவியிலிருந்து மச்சான் குரல் வந்தது. "அது என் மெஷின்லதான் கெடக்குது. நீதான் இங்க வந்து வெளையாடற. ஏன், என்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல மச்சான்!" என்று முந்திக்கொண்டு கத்தினேன். போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து தொடாத அதிரசத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலையும் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான அதிரசத்தை நான் சாப்பிட்டதில்லை. அப்பாவும் மகளும் ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அவர்கள் விளையாடி முடித்த பிறகு, தானும் அந்த வீட்டுக்குள் ஒரு நடை போய் வரவேண்டும் என்று மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. யாழினி அவர் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கையில் ரிமோட்டைக் கொடுத்தாள். திரையில் கரடி பொம்மை ஒன்று வந்து கையாட்டியது. அதன் ஆங்கிலத்தை யாழினி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்: "நீ சிறு பிள்ளை. இதை விளையாட உன் குடும்பத் தலைவரிடம் அனுமதி கேள். தலைவர்..." அவள் நிறுத்தினாள். "தாத்தா, நான்தான் தலைவர்!"

ஆனியும் ஆவணியும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன; இரண்டு தேதிகளும் பெயர் மாறி விழுந்திருந்தன. மெஷினைப் பொறுத்தவரை என் மாமனாருக்கு வயது பத்து. யாழினிக்கு எழுபது நெருங்குகிறது. மாமியார் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். காலையில் ராக்கெட் விட்டவன் சாயங்காலம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதிரசத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பல்பைக்கூட என்னை மாற்றச் சொன்னதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் பழுதான மிக்சியை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். இதைவிட ஒரு மாப்பிள்ளைக்கு என்ன நிம்மதி வேண்டும்? மாமனார் இரண்டாவது காபி கேட்டால் "தலைவர்கிட்ட அனுமதி வாங்கியாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

அடுத்த லீவில் வந்த மச்சான் மெஷினில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். மகளைக் குழந்தையாக்கினார், மனைவியைத் தலைவராக்கினார். அப்பாவின் தேதியைத் திருத்தப் போனபோது மாமனார் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"அத உடுப்பா. பேங்க்குக்குப் போனா சீனியர் சிட்டிசன்ங்கறான், பஸ்ல ஏறுனா பெரியவரே உக்காருங்கறான். இது ஒன்னுதான் என்னைய சின்னப் புள்ளங்குது. இருந்துட்டுப் போவட்டும்."