மாமனார் வீட்டுப் புடலைக்கு மருந்து தூவிய கதை

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு உள்ள பெரிய ஆபத்து, அவன் என்ன செய்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதுதான்.

எண்பதுகளில், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி. புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு விருந்துக்குப் போயிருந்தேன். புது வேட்டி, வடை, பாயசம். தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போனால்கூட, "நீங்க உக்காருங்க மாப்ள" என்றார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே விட்டுப்போனது.

பின்பக்கம் புடலைப் பந்தலில் புழு. மாட்டுக்கொட்டகையில் மல்லாட்டைப் (வேர்க்கடலை) பயிருக்குத் தூவும் பூச்சிமருந்துப் பவுடர். (நான் தாவரவியல் பி.எஸ்சி. சும்மா இருப்பேனா?) பவுடரைப் பழைய துணியில் முடிந்து, பந்தல் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன்.

மாமனார் எட்டிப் பார்த்தார்.

"அது மல்லாட்டைக்குப் போடறது மாப்ள... சரி, நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போய்விட்டார்.

பந்தலுக்கடியில் ஈரமண்ணில் ஜிம்மி படுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. குட்டியிலிருந்து என் மனைவி பால் புகட்டி வளர்த்த நாய். மேலெல்லாம் பவுடரோடு எழுந்துபோய் உடம்பை நக்கியிருக்கிறது. எனக்கு இலை போடும் நேரத்தில் அதற்குக் கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

"இன்னாத்த போட்ட நீ?" என்றாள் மனைவி. அன்றுதான் முதன்முதலாக என்னை நீ என்றாள்.

சோப்புப் போட்டுக் கழுவி, கோணியில் சுற்றி, புது வேட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "படிச்சவரா நீங்க?" என்றார். மனைவி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இது செத்தால் இவள் விழுப்புரம் திரும்பமாட்டாள் என்று பயந்துபோனேன்.

ஜிம்மி பிழைத்தது. பந்தலில் புழு பொறுக்க வந்த தவிட்டுக்குருவிகள் பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அதன்பிறகு என் தலை தெருமுனையில் தெரிந்தாலே மாமியார், "நாயப் புடிச்சி உள்ள கட்டுங்க, மாப்ள வந்துக்கினு இருக்காரு" என்று குரல் கொடுப்பார். நாய் என்னைக் கடித்துவிடும் என்றுதான் மருந்து விஷயம் தெரியாத அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். நாங்களும் திருத்தவில்லை.

ஜிம்மி போய் எத்தனையோ வருஷமாகிறது. அந்த வீட்டில் இப்போது நாயே கிடையாது. இருந்தாலும் நான் வாசலில் செருப்பைக் கழற்றினால், "நாயக் கட்டியாச்சா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். முதலில் சிரிப்பவள், எனக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வரும் என் மனைவி.