எரித்ததைத் தின்ற கலோரி அண்ணன்

உடம்பு இளைப்பதற்காக இந்தப் பெங்களூரில் அதிகமாகச் சாப்பிட்ட மனிதர் எங்கள் கலோரி அண்ணன்தான். போட்டிக்கு யாராவது வருவதானால் வரட்டும், நான் நடுவராக உட்காரத் தயார்.

பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலை. நான் ஸ்டோர்ஸில், அவர் இரும்புத் துண்டுகளுக்குப் பிசிறு எடுக்கும் பகுதியில். தங்கியது ஒரே அறை. அண்ணனுக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு நிமிடம் சும்மா நிற்க மாட்டார். பல் தேய்க்கும்போதுகூட நடப்பார். நான் பின்னாலேயே நுரையைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வாணியம்பாடியிலிருந்த அவருடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். தம்பியின் சிறுநீரகம் பொருந்தியது, தம்பியின் தொப்பைதான் பொருந்தவில்லை. "ஏழு கிலோ குறைச்சிட்டு மூணு மாசத்துல வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாளே அண்ணன் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் ஏறியது. எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரித்தோம் என்று அது சொல்லும். கூடவே ஒரு சித்தாந்தமும் வந்து சேர்ந்தது: எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டே ஆக வேண்டும்.

"சாப்பிடலன்னா உடம்பு பயந்துக்கும்பா. இவன் சோறு போடமாட்டான் போலக்கீதுன்னு, இருக்கற கொழுப்ப எல்லாம் பதுக்கி வெச்சிக்கும்."

"யாருண்ணா சொன்னது?"

"போன்ல வீடியோ போடற ஒருத்தன் சொன்னான். ஆளு எப்டிக்கீறான் தெரியுமா? கல்லு!"

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் வாட்சைப் பார்ப்பார். "அறுநூறு எரிஞ்சிகீது. வா, வா, சீக்கிரம்!" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனைத் தர்ஷினிக்கு, அதாவது நின்றபடி சாப்பிடும் ஹோட்டலுக்கு, ஓடுவார். மசால் தோசை ஒன்று, மங்களூர் பஜ்ஜி ஒரு பிளேட். தோசை வரும்வரை மேசைகளைச் சுற்றி வருவார்; அந்த நடைக்கு ஒரு வடை சேர்ந்துகொள்ளும். நின்று சாப்பிடுகிறவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒருநாள் கல்லாவில் இருந்தவர், "சார், ஸ்வல்ப நில்லி சார்!" என்று கன்னடத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் அவருக்கும் கலோரி பற்றி விளக்கினார், நடந்தபடியே.

இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தார். ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லி மூன்று மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினார். மூன்றும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே எண்ணைக் காட்டின.

"இன்னும் ஒரு மாசந்தான்பா கீது. அக்கா இன்னா பண்ணும்?" என்றார். அவர் ஓரிடத்தில் நின்று பேசியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கும் பயமாகிவிட்டது.

மறுநாள் ஒரு பெட்டியைக் கொடுக்க அவருடைய பகுதிக்குப் போனேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து அரத்தால் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கை முன்னும் பின்னும் போய் வந்தது. வாட்சும் அந்தக் கையில்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிணுகிணுத்து, பத்தாயிரம் அடி நடந்ததற்காக அவரை வாழ்த்தியது.

"அண்ணா, இன்னிக்கு எங்கெங்க நடந்தீங்க?"

"கக்கூஸுக்கு ஒரு வாட்டி. ஏன்?"

நான் அரத்தைக் காட்டினேன், பிறகு வாட்சைக் காட்டினேன். கை ஆடியதையெல்லாம் அது கால் நடந்ததாக எண்ணியிருக்கிறது. மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடந்து, அத்தனைக்கும் தோசை தின்றிருக்கிறார்!

"அய்யய்யோ... அத்தினி பஜ்ஜியும்..." என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த சிரிப்பை நான் விழுங்கிக்கொண்டேன்.

வாட்சைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நடந்ததுக்குன்னு தனியா சாப்பிடாதீங்க. நான் எழுதிக் குடுத்தத மட்டும் சாப்பிடுங்க. ரொம்பப் பசிச்சா கொஞ்சம் சுண்டல்." கெஞ்சிக் கூத்தாடி இன்னும் இரண்டு மாதம் வாங்கி வந்தார். அன்றிலிருந்து தர்ஷினி இருந்த தெருவிலேயே கால் வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் நடந்தார். கைகள் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

கெடு நாளன்று மொட்டை போட்டு, மோதிரம், அரைஞாண்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். அப்படியும் இருநூறு கிராம் கூடுதல். மறுபடி இறங்கி எச்சில் துப்பிவிட்டு வரப் போனவரை டாக்டர் பிடித்து நிறுத்தினார். "போதும், வாங்க. ரெண்டு பேருக்கும் நாள் குறிக்கலாம்."

அறுவை முடிந்த மறுநாள் இரண்டு நிமிடம் அக்காவைப் பார்க்க விட்டார்கள். நான் தம்பியின் அறைத் தோழன் என்று சொன்னதும் அக்கா மெல்லக் கேட்டார், "தம்பி சாப்ட்டானா?"

அந்தப் பக்கத்து அறையில் அண்ணனுக்கு அதுவரை இரண்டு வாய் கஞ்சிதான் இறங்கியிருந்தது.

"வயிறு நெறைய சாப்ட்டாரு, அக்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய். அந்த மனிதருக்காக இன்னும் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன்.