நான் காய்ச்சிய உறைமோர்

அரைகுறையாகப் படித்தவனைச் சமையலறைப் பக்கமே விடக் கூடாது. என்னை விட்டார்கள். அதன் பலனை இருபது லிட்டர் பால் அனுபவித்தது.

அப்போது நான் நெய்யாற்றின்கரையில் நுண்ணுயிரியல் முதலாண்டு மாணவன். மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தது மொத்தம் நாலு தடவை. வீட்டில் பேசுகிற பேச்சோ, காலராக் கிருமியை நானே கையால் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். "ஒரு பாக்டீரியா இருபது நிமிஷத்துல ரெண்டாவும், பின்ன நாலாவும்..." என்று சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். அக்கா செலின் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். (நன்மை செய்யும் பாக்டீரியா அடுத்த பாடம். அதற்குள் நான் நிபுணனாகிவிட்டேன்.)

அந்தச் சமயத்தில்தான் செலினுக்கு நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை பனச்சமூட்டுக்காரர். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கூடிவந்து கலைந்து, அவள் அழுது ஓய்ந்திருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கோ இன்னும் முழு மனசு வரவில்லை என்று கேள்வி.

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் நிச்சயச் சாப்பாடு. அப்பா எல்லோரையும் கூப்பிட்டு எச்சரித்தார். "சம்பந்திக்கு வயிறு மோசமாக்கும். இங்க தின்னுட்டுப் போயி அவருக்கு ஒண்ணு வந்துதுன்னா, இதும் போச்சு. கேட்டியளா?"

எல்லோரும் கேட்டார்கள். நான் ஒருவன்தான் செயலில் இறங்கினேன்.

எங்கள் பக்கத்து விருந்தில் பாயசம் குடித்த பிறகும் சோறு வாங்கி மோர் ஊற்றிச் சாப்பிட்டால்தான் எழுந்திருப்பார்கள். அவ்வளவு பாலுக்கு ஒரு வீட்டு உறைமோர் போதாது என்று அக்கம்பக்கத்து வீடுகளிலும் வாங்குவது வழக்கம். அம்மா என்னை ஏழு வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு வீட்டில் ஊறுகாய்க் கரண்டியால் கோரித் தந்தார்கள். ஞானம்மாள் மாமி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரலை விட்டு நக்கிப் பார்த்து, "நல்ல புளி உண்டு மக்கா, கொண்டு போ" என்றார். ஏழு வீட்டுக் கிருமியும் என் கையில். சம்பந்தியின் வயிறு என் கண்முன்னால் வந்து நின்றது.

முந்தின நாள் ராத்திரி அம்மா பாலைக் காய்ச்சி, சூடு ஆறவைத்து, "உறைமோரை விட்டுக் கலக்குலே" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனாள். நான் உறைமோரைப் பின்பக்க அடுப்பில் ஏற்றிப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அது திரிந்து தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பாலில் ஊற்றி மூடினேன். அக்காவின் வாழ்க்கையைக் காப்பாற்றிய பெருமை எனக்குத் தாங்கவில்லை.

காலையில் அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே பால், பாலாகவே கிடந்தது.

"எலே, என்னத்தலே செய்த?"

சொன்னேன். கிருமி ஒன்றுகூட மிச்சமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எல்லாத்தையும் கொன்னுப்போட்டா பின்ன தயிராக்குயது யாருலே? நீயா?"

பாக்டீரியா என்ற சொல்லை அம்மா படித்ததில்லை. ஆனால் அந்தப் புளித்த மோரில் வேலைசெய்கிற உயிர் ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. செலின் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது. திட்டியிருக்கலாம்.

மானத்தைக் காப்பாற்ற, "வேணும்னா பாருங்க, சுத்தமான பால்!" என்று இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்துக் காட்டினேன். (தயிராக்குகிற கூட்டம் செத்துப்போனால், காலியான இடத்தில் வேறு கூட்டம் குடியேறும் என்பதும் பின்னால் வரும் பாடம்.)

அம்மா அதே ஏழு வீட்டுக்கும் என்னையே திருப்பி அனுப்பினாள். நடந்ததை நானே என் வாயால் சொல்லி, அவரவர் வீட்டுத் தயிரைக் கேட்டு வாங்கிவர வேண்டும். ஞானம்மாள் மாமி இடுப்பில் கை வைத்தார். "எனக்க மோருக்கு என்னலே தீனம், சீக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த தயிர் முழுவதையும் சட்டியோடு தூக்கித் தந்தார். "இதையும் நீ காய்ச்சினன்னு கேட்டேன்னா, உன்னப் பிடிச்சுக் காய்ச்சிப்போடுவேன்."

ஏழு வீட்டுத் தயிரும் ஒரே அண்டாவில் விழுந்தது. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்டுக் கலக்கினார்கள். பந்தியில் சம்பந்தி மோருக்கு உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். ஒரு கை குடித்தார். இரண்டு. மூன்று. நான் சுவரோடு சுவராக நின்று, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன்.

"நல்ல மோராணு கேட்டோ!" என்றார் மலையாளத்தில். "வயிறு குளுந்து போச்சு. எந்த வீட்டு மோரு?"

"எல்லா வீட்டு மோரும் உண்டு," என்றாள் அம்மா.

அந்த நிமிடம் என் வயிற்றுக்குள் ஒரு இடி இடித்தது. பாஸ்டர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தபோது நான் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். அன்று அந்த வீட்டில் வயிறு கெட்ட ஒரே ஆள் நான்தான். நாலாவது தடவை வெளியே வந்தபோது வாசலில் சம்பந்தி நின்றார், கையில் உப்புப் போட்ட மோர். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "குடி மக்கா, காய்ச்சாத மோராக்கும்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனசு முழுசாக எங்கள் பக்கம் சாய்ந்தது அப்போதுதான் என்று அத்தான் இன்றும் சொல்வார்.

மீந்த மோரில் தினமும் பால் உறைந்தது. கல்யாணமானபோது செலின் அதில் ஒரு கிண்ணம் கொண்டுபோனாள். அது அவள் வீட்டில் இன்றுவரை அற்றுப்போகவில்லை. ஞானம்மாள் மாமி போய்விட்டார், ஏழில் மூன்று வீட்டில் இப்போது ஆளே இல்லை. அக்கா வீட்டில் மோர் குடிக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். நான் இப்போது ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது.

போன மாதம் செலினின் மகள் வேலைக்காகப் பெங்களூர் போனாள். இரண்டாம் நாள் காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் கெட்டித் தயிரின் படம் வந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அம்மா, நம்ம வீட்டு உறை நல்லா பிடிச்சிருக்கு. மாமா இங்க வந்தா ஓட்டல்ல தங்கச் சொல்லு."