முத்திரை ஒட்டிய சீட்டுக்கட்டு

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரிடம் யாரும் சந்தேகம் கேட்கக் கூடாது. (கேட்காவிட்டாலும் விளக்குவார் என்பது வேறு விஷயம்.) முப்பத்தொரு வருடம் படிப்பித்த எனக்கு அந்த வியாதி கனடா வந்தும் மாறவில்லை.

நாங்கள் வசிக்கும் வோபர்னில் எங்கள் முதியோர் சங்கம் வியாழக்கிழமைகளில் கூடும். நான் பொருளாளர். அந்த வியாழன் எனக்கு இரண்டு அலுவல்கள் இருந்தன. முதலில், பிரித்தானியா போட்ட வரியை அமெரிக்கக் குடியேற்றவாசிகள் எதிர்த்தது பற்றி ஒரு பேச்சு. அதன் பிறகு தலைவர் தெரிவு. போட்டியில் நான் ஒருவன்தான். ஆறு வருடம் காத்திருந்த பதவி.

முந்தைய முறை நான் பேசியபோது பதினொரு பேர் நித்திரை. (எண்ணினேன்.) அதனால் இம்முறை செய்துகாட்டிப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். பிரான்சுடன் போரிட்டுக் கடனில் விழுந்த பிரித்தானியா, அமெரிக்காவில் பத்திரிகை, உறுதிப் பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி போட்டது. நானும் டொலர் கடையில் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கினேன். நேரத்தோடு போய், சங்கத்தின் நான்கு சீட்டுக்கட்டுகளிலும், தமிழ்க் கடையில் இலவசமாக எடுத்துவந்த பத்திரிகைகளிலும் ஒட்டிவிட்டு, தகரப் பேணியோடு வாசலில் நின்றேன்.

“சீட்டுக்கட்டுக்கு ஐம்பது சதம், பேப்பருக்கு இருபத்தைஞ்சு.”

அரை மணித்தியாலம் கோபப்படுவார்கள், பிறகு நான் மேடையேறி, அந்த மக்களுக்கும் இதே கோபம்தான் வந்தது என்பேன், கைதட்டுவார்கள். இதுதான் திட்டம். ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவி பரமேசுக்குக்கூட.

முதலில் வந்த மூன்று பேர் பேசாமல் காசைப் போட்டார்கள். நான்காவதாக வந்தவர் செல்லத்துரை அண்ணை.

“என்ன மாஸ்டர், சும்மா கிடக்கிற பேப்பருக்கும் காசோ?”

“சங்கத்துக்குச் செலவு இருக்கு அண்ணை.”

“செலவு இருக்கட்டும். ஆரைக் கேட்டு ஒட்டினனீர்?”

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி தாங்கவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை, எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்றுதான் அந்த மக்களும் கேட்டார்கள். அண்ணை பாடம் தொடங்குமுன்பே பாடத்துக்குள் வந்துவிட்டார்! உற்சாகத்தில், கெட்டிக்கார மாணவனுக்குப் பரிசுபோல, சீட்டுக்கட்டின் வரியைப் பத்துச் சதமாகக் குறைத்தேன்.

“பாத்தீங்களோ, பிடிபட்டவுடனை விலை இறங்குது,” என்றார் அவருக்குப் பின்னால் நின்ற கனகம் அக்கா.

அதன் பிறகு ஒருவரும் சீட்டுக்கட்டைத் தொடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சீட்டு விளையாடாமல் ஒருநாளும் இருக்கமாட்டாத ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். நான் கழற்றிப்போட்ட குளிர் ஜாக்கெட்டில் யாரோ என் ஸ்டிக்கர்களையே நிறைய ஒட்டி, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அமெரிக்காவிலும் முத்திரை விற்க வந்தவர்களின் உருவப் பொம்மைகளை இப்படித்தான் தொங்கவிட்டார்கள். (அந்தப் பகுதியை நான் இன்னும் சொல்லவேயில்லை!)

அவசரமாக மேடையேறினேன். “இது ஒரு பாடம். காசைத் திருப்பித் தாறன்.”

“கேள்வி கேட்டவுடனை பாடமாப் போச்சோ?” என்றார் செல்லத்துரை அண்ணை.

விளக்க விளக்கக் குற்றம் கூடியது. வணிகர்கள் பிரித்தானியப் பொருள்களை வாங்க மறுத்ததையும், முத்திரை வரி மறுவருடமே நீக்கப்பட்டதையும் தடுமாறாமல் சொன்னேன். “எவ்வளவு வடிவாய்க் கதையை ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார்!” என்று பின்வரிசையில் வியந்தார்கள். அன்று ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

தெரிவு தொடங்கியதும் கனகம் அக்கா எழும்பினார். “தலைவர் பதவிக்கு நான் பரமேசைப் பிரேரிக்கிறன்.”

என் மனைவியை! மறுத்துவிடுவாள் என்று முன்வரிசையில் இருந்த அவளைப் பார்த்தேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கும் நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லைத்தானே,” என்றாள் பரமேஸ்.

எனக்காக உயர்ந்தது ஒரே ஒரு கை. அதுவும் என்னுடையது.

இன்றைக்கும் அவள்தான் தலைவர். யூனியன்வில்லில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் தொண்டையைச் செருமினாலே மருமகன் கேட்பார்: “மாமா, தலைவரிட்டைப் பெர்மிஷன் எடுத்தனீங்களோ?”

முத்திரை வரிக்குப் பின்னால் தேயிலை வரி வந்து, கடைசியில் அது போரில் முடிந்தது. அந்த மிச்சப் பாடத்தைச் சங்கத்தில் பேச நேரம் கேட்டு நான்கு வருடமாகிறது. எப்போது கேட்டாலும் பரமேஸ் என் புட்டுக்குக் குழம்பு விட்டபடியே சொல்கிறாள்:

“கமிற்றியைக் கேட்டுச் சொல்லுறன்.”